பிள்ளை உங்க கையில

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். சமையல் மேடையில் கிடந்த போன் அடித்தது. திரையில் பிஜு என்று பெயர் வந்தது. பிஜு, என் தோழி அமுதாவின் கணவர், மலையாளி. எதுவாக இருந்தாலும் செய்தி அனுப்புவாரே தவிர, கூப்பிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. எடுக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும் என்பதுபோல, மாவுக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. "அம்மா, போன் அடிக்குது, காது கேக்கலையா?" என்று என் மகன் ஆதி ஹாலிலிருந்து கத்தினான். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"சேச்சி," என்றார் பிஜு.  பிறகு, "அமுதா போயி," என்றார்.

 அடுப்பை அணைத்தேன். ஆதி சமையலறை வாசலில் வந்து நின்றான். தொப்பியைத் தலையில் போட்டிருந்தான். "இன்னிக்குச் சனிக்கிழமைதானே? தியா அக்கா கூடக் கடலுக்குப் போலாமா?" என்று கேட்டான். வெயில் அதிகமாக இருக்கிறது மக்ளே என்று சொன்னேன். வெளியே அப்போது வெயிலே வந்திருக்கவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலர் அமுதாவோடு அலுவலகத்தில் ஷிப்ட் பார்த்தவர்கள். அவளுடைய வேலையைப் பற்றி நீங்கள் என்னைவிட நன்றாக எழுதியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை அமுதா. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, கழக்கூட்டத்துக்கு வேலைக்கு வந்தவள். என்னைவிடச் சின்னவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள். நான் லதா, நாகர்கோவில்காரி. எங்கள் இருவருக்கும் ஒரே டீம், ஒரே குடியிருப்பு, எதிரெதிர் பிளாக். அவளுக்கு ஒரு பெண், தியா. எனக்கு ஒரு பையன், ஆதி. தியா இவனைவிட ஒரு வயது மூத்தவள். அமுதாவின் பேச்சில் பாதி எஸ்டேட் தமிழ், பாதி மலையாளம். பயம் என்ற சொல் அவள் வாயில் வராது, 'பேடி' என்பாள். பரவாயில்லை என்று நாம் சொல்லுகிற இடத்தில் 'சாரமில்ல' என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை சாரமில்ல சொல்லுவாள் என்று உங்களுக்கே தெரியும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொல்லுவது விளங்காது. நான் பயந்தாங்கொள்ளி. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, ஊசியும் மாத்திரையும் நேர்ச்சையுமாக அலைந்து பெற்ற பிள்ளை ஆதி. அவன் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் பிள்ளையும்தான். திராட்சைப் பழத்தை நாலாக நறுக்கித்தான் கொடுப்பேன். தெருநாய் குரைத்தால் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுவேன். நாலு வயதுப் பையன், கால் என் முட்டிவரை தொங்கும். வாட்ஸ்அப்பில் வருகிற எச்சரிக்கை எல்லாவற்றையும் படிப்பேன். படித்துவிட்டு நாகர்கோவிலில் இருக்கிற என் அக்காவுக்கும் அனுப்பிவைப்பேன். குளத்துத் தண்ணீரில் இருந்து அமீபா மூக்கு வழியாக ஏறி மூளைக்குப் போகிறது என்று செய்தி வந்த பிறகு, குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் அவனைக் குளிப்பாட்டினேன்.

அப்படி ஒரு நாள் நாலு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் அமுதா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆதி உடுப்பில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றான். அமுதா சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"எந்தா அக்கா இது? பிள்ளையைக் குளிப்பாட்டப் போறீங்களா, கஷாயம் போடப் போறீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன பிள்ளே, சிரிப்பே. எனக்கு ராத்திரி உறக்கம் கிடையாது, கேட்டியா?" என்றேன்.

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கு என்னென்ன பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் சொன்னேன். நாய், அமீபா, கடல், வெயில், லாரி, பிள்ளை பிடிக்கிறவன், தொண்டையில் சிக்குகிற பழக்கொட்டை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒன்று சொன்னாள். "வீட்டுல இருந்தாலும் பேடிதானே அக்கா உங்களுக்கு? அதைக் கடற்கரையில போயிப் பேடிக்கலாம். காத்தாவது வரும்."

எங்கள் சனிக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின. ஏப்ரலில் பள்ளி விடுமுறை விட்டதும், காலையில் அவள் கார் எங்கள் பிளாக்கின் கீழே வந்து நிற்கும். இரண்டு ஹாரன் அடிப்பாள். ஆதி விடிந்ததிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் தொப்பி, தண்ணீர், காய்ச்சல் மருந்து, மாற்று உடுப்பு, மறுபடியும் ஒரு மாற்று உடுப்பு என்று ஒரு மூட்டையோடு இறங்குவேன். "அக்கா, கடலுக்குப் போறோம், குடிமாறிப் போகல்ல," என்பாள்.

அவள் துணிச்சல்காரி என்று எல்லோரும் சொல்லுகிறீர்கள். அது சரிதான், ஆனால் அசட்டுத் துணிச்சல் இல்லை. கிளம்பும் முன்பு கடல் எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறுவதைத்தான் இங்கே கள்ளக்கடல் என்பார்கள். அன்றைக்குக் கள்ளக்கடல் என்று ஒரு வரி இருந்தால் போதும், எவ்வளவு அழுதாலும் வண்டியைத் திருப்பிவிடுவாள். கடலுக்குப் போன நாட்களிலும் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். "கடலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கக் கூடாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். சங்குமுகம் கடற்கரையில் இரண்டு பிள்ளைகளும் கடலைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கரையேறுவதைப் பார்த்து வேர்க்கடலை விற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு அலைக்கும் நான் இரண்டு பிள்ளைகளின் சட்டையையும் பிடித்து இழுப்பேன். ஆனாலும் காற்று வந்தது. அவள் சொன்னது பொய் இல்லை.

இனி அவளுடைய ஹேண்டோவர் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீமில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டு நிறுவனங்களின் கணினிகள் நின்றுவிடாமல் இருபத்துநாலு மணி நேரமும் காவல் காக்கிற வேலை நமக்கு. ஒரு ஷிப்ட் முடிந்தவர் சும்மா எழுந்து போய்விட முடியாது. அடுத்தவர் வந்து உட்கார்ந்து, எடுத்துக்கொண்டேன் என்று வாயால் சொன்ன பிறகுதான் நாற்காலியை விடலாம். இந்தச் சட்டத்தை அமுதா பிள்ளைகளுக்கும் போட்டாள். ஐஸ்கிரீம் வாங்கப் போனாலும் சரி, கழிப்பறைக்குப் போனாலும் சரி, போகிறவர் "பிள்ளை உங்க கையில" என்று சொல்ல வேண்டும். இருக்கிறவர் பிள்ளையைத் தொட்டு "என் கையில" என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் நான் தலையை ஆட்டினேன். "தலையாட்டினா செல்லாது அக்கா. ஆபீஸ்ல தலையாட்டினா விடுவாங்களா? தொட்டுச் சொல்லுங்க," என்றாள். கூட்டத்துக்கு நடுவே தியாவின் தலையில் கையை வைத்துக்கொண்டு "என் கையில" என்றேன். வெட்கமாக இருந்தது. பிறகு பழகிப்போய்விட்டது. பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. பொம்மையைக் கொடுத்தாலும், பிஸ்கட்டைக் கொடுத்தாலும், "உன் கையில", "என் கையில" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

எல்லா வாரமும் வெளியே போனோம் என்று நினைக்காதீர்கள். வெயில் எச்சரிக்கை வருகிற நாட்களில் அவள் வீட்டு பால்கனியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்துவிடுவாள். பிள்ளைகள் உள்ளே உட்காரும். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியில் காலை விட்டுக்கொண்டு கப்பைக் கிழங்கு தோலுரிப்போம். "தண்ணி மூக்குல போகப்போகுது" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு தடவைகூட எரிச்சல்பட்டதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "அக்கா, நீங்க இதைச் சொல்றது எனக்கு ரேடியோ போட்ட மாதிரி இருக்கு, நிறுத்தினா வீடு வெறிச்னு ஆயிரும்," என்றாள்.

போனக்காட்டுக்கும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனாள். முந்தின நாள் வேனல் மழை பெய்திருந்தது. காட்டு வழியில் வளைவு வளைவாக ஏறுகிற ரோடு. யானை வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, "நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். எல்லாம் அது செய்யும்," என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினாள். அவள் அம்மா எங்களுக்குப் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தார். ஆதியின் காலில் அட்டை ஏறியிருந்ததை நான் பார்த்து அலறிய அலறலில் பக்கத்து லயன் வீடுகளில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அமுதா உப்பை வைத்து அதை எடுத்துப்போட்டாள். ஆதி அழவில்லை. அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான்.

இனி மியூசியத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். 

போன வருஷம் மே மாதம். காலையில் மியூசியம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிற மிருகக்காட்சிசாலையைச் சுற்றிவிட்டு, வெளியே மரத்தடியில் பெட்ஷீட்டை விரித்துச் சாப்பிட்டோம். அமுதாவுக்கு அன்று அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு வந்தால் எடுக்க வேண்டிய முறை. அழைப்பு வந்தது. லேப்டாப்பை மடியில் திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். நான் டிபன் டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எங்களுக்கு நடுவில் புளியங்கொட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. டப்பாக்களைப் பையில் போட்டு நிமிர்ந்தேன். பெட்ஷீட்டில் புளியங்கொட்டை மட்டும் கிடந்தது.

"பிள்ளைங்க எங்க?" என்றேன்.

அமுதா போனை வைத்துவிட்டு எழுந்தாள். சுற்றிலும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். விடுமுறைக் கூட்டம். சிவப்புச் சட்டை தெரிந்தால் ஆதி என்று தோன்றியது. எல்லாச் சட்டையும் சிவப்பாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் கேட், கேட்டுக்கு வெளியே ரோடு, ரோட்டில் பஸ். நான் கத்தத் தொடங்கினேன். அமுதா என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"அக்கா, நீங்க இங்கயே நில்லுங்க. இந்த பெட்ஷீட்டை விட்டு நகராதீங்க. பிள்ளைங்க நம்மளைத் தேடினா இங்கதான் வரும். நான் போறேன்."

அவள் ஓடினாள். நான் நின்றேன். ஓடுகிறவளுக்காவது கால் இருக்கிறது, நிற்கிறவளுக்கு என்ன இருக்கிறது? அந்தப் பெட்ஷீட்டில் நின்றுகொண்டு நான் என் பிள்ளையை எத்தனை விதமாகச் சாகக் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.   பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் என்னமோ கேட்டது. எனக்கு மலையாளமும் விளங்கவில்லை, தமிழும் விளங்கவில்லை.

கடைசியில் அமுதா இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டும் மிருகக்காட்சிசாலையின் டிக்கெட் வரிசையில், ஒரு பெரிய குடும்பத்துக்குப் பின்னால், கைகோத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. நீர்யானையை மறுபடியும் பார்க்க வேண்டுமாம். அமுதா போய்ச் சேர்ந்தபோது தியா கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "ரெண்டு குட்டிகள்," என்று மலையாளத்தில் பிள்ளைகள் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

"சொல்லாம ஏன் போனீங்க?" என்று நான் அலறினேன். தியாவுக்கு நான் ஏன் அலறுகிறேன் என்று விளங்கவில்லை.

"சொல்லிட்டுத்தானே போனோம் ஆன்ட்டி? ஆதி என் கையிலன்னு நான் தொட்டுச் சொன்னேன். தியா அக்கா என் கையிலன்னு அவனும் சொன்னான். அப்புறம் என்ன?"

ஆதியும் ஆமாம் என்று தலையாட்டினான். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார்கள். அவனை அடிக்கக் கை ஓங்கினேன், ஓங்கிய கையாலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். இனி எங்கேயும் வர மாட்டேன், என்னைக் கூப்பிடாதே என்று அமுதாவிடம் கத்தினேன். அவள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "பிள்ளைங்க உங்க கையில அக்கா," என்றாள். நான் இரண்டு பேரையும் தொட்டுச் சொன்ன பிறகு, மரத்துக்குப் பின்னால் போனாள். அவள் வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. "எனக்குப் பேடி இல்லைனு யாரு சொன்னா அக்கா உங்ககிட்ட?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். இவளுக்குப் பயமே கிடையாது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியில் திரும்பி வரும்போது சட்டத்தைத் திருத்தினாள். "இனி பிள்ளைங்க பிள்ளைங்களை வாங்கக் கூடாது. பெரியவங்க தரணும், பெரியவங்க வாங்கணும்." சரி என்று தியா ஒத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை கீழே ஹாரன் அடித்தது. வர மாட்டேன் என்று சொன்ன நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஆதி எனக்கு முன்னால் படியில் போய்க்கொண்டிருந்தான்.

ஓணம் கழிந்து ஒரு நாள், அலுவலக கேன்டீனில் சாப்பிடும்போது அவள் முழங்கைக்கு மேலே நீலமாக ஒரு கன்றிப்போன அடையாளத்தைப் பார்த்தேன். என்ன பிள்ளே இது என்று கேட்டேன். "எங்கயாவது இடிச்சிருப்பேன். சாரமில்ல," என்றாள். நானும் சாம்பாரை ஊற்றிக்கொண்டேன். திராட்சைக்குப் பயந்தவள், குழாய்த் தண்ணீருக்குப் பயந்தவள், அந்த நீல அடையாளத்தைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. பிறகு இன்னொரு இடத்தில் ஒன்று வந்தது. காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நீங்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்தீர்கள், கொடுக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டும் வந்தீர்கள். அதை பிஜு எல்லோரிடமும் சொல்லுகிறார்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்வந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த அறைக் கதவைத் திறக்கும்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான். அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயம். தியாவைக் காட்டி, பிள்ளை உங்க கையில அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தொட்டுச் சொல்லியாக வேண்டும். சொன்னால் இவள் போகப்போகிறாள் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதுவும் போக, ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டே உறங்காமல் கிடக்கிறவள் நான். தாயில்லாத இன்னொரு பிள்ளையையும் சேர்த்து எங்கே தாங்குவேன்? அவள் உதடு அசைந்தால் நான் பைக்குள் எதையாவது தேடத் தொடங்கிவிடுவேன். தண்ணீர் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவள் சொல்லவே இல்லை. தியாவின் தலையில் பேன் இருக்கிறது என்று சொன்னாள். இரண்டு பேருக்கும் போன வருஷத் தொப்பி இந்த வருஷம் சேராது, பெரியதாக வாங்க வேண்டும் என்று சொன்னாள். நான் கிளம்பும்போதெல்லாம், "வண்டியை மெதுவா ஓட்டுங்க," என்பாள். நாற்பதுக்கு மேல் நான் ஓட்டியதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தப்பித்தோம் என்று மாடியிலிருந்து இறங்குவேன். காரில் உட்கார்ந்து அழுவேன். கடைசியாகப் போனபோதும் அப்படித்தான்.

மார்ச் கடைசியில் அவள் போனாள். ஏப்ரலில் பள்ளி விடுமுறை விட்டது. தியாவைப் பார்த்துக்கொள்ள ஆற்றிங்கலில் இருந்து பிஜுவின் தங்கை வந்திருந்தாள். எதிர் பிளாக் பால்கனியைப் பார்க்க முடியாமல் நான் திரைச்சீலையை இழுத்தே வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் ஆதியைக் காணோம் என்று தேடினால், திரைக்குப் பின்னால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எதிரே தியா நிற்கிறாள். இரண்டு பேரும் பேசவில்லை. அவ்வளவு தூரத்துக்குப் பேசினாலும் கேட்காது. இவன் கையை ஆட்டுகிறான், அவள் ஆட்டுகிறாள். இவன் மறுபடியும் ஆட்டுகிறான்.

நான் மூட்டையைக் கட்டினேன். தொப்பி, தண்ணீர், மருந்து, மாற்று உடுப்பு. கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இருக்கக் கூடாதா என்று மனசு ஏங்கியது. இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆதியைக் கூட்டிக்கொண்டு எதிர் பிளாக்கில் ஏறிக் கதவைத் தட்டினேன். பிஜு திறந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"தியாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். 

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். "சேச்சி, அமுதா என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு இருந்தா. தியாவைப் பார்த்துக்கோங்கன்னு லதாக்காகிட்ட நீங்களும் கேக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன்னு. கேட்டா அக்கா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா பேடிச்சு பேடிச்சுச் செத்துப்போவாங்கன்னு. தானா வந்தா மட்டும் விடணும்னு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடிப்பாவி. அந்த வலியிலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாளா? நான் தப்பித்தேன் தப்பித்தேன் என்று படியிறங்கினேனே, அவளல்லவா என்னை விட்டுவைத்தாள்.

தியா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். வா மக்ளே என்று கையை நீட்டினேன். பிடிக்கவில்லை.

"யாரு தருவா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மாதான் தரணும் ஆன்ட்டி. பெரியவங்க தரணும், பெரியவங்க வாங்கணும். அம்மா இல்லல்ல. என்னை யாரு தருவா?"

பிஜு இந்தச் சட்டத்தை அறியாதவர். சனிக்கிழமைகளில் அவருக்கு வேலை, எங்களோடு வந்ததே இல்லை. என்ன கேட்கிறாள் என்று என்னைப் பார்த்தார். நான் எப்படிச் சொல்லுவேன்? பிள்ளையிடம் ஏதாவது ஒரு பொய் சொல்லலாம். ஆகாசத்திலிருந்து அம்மா தருவாள் என்று சொல்லலாம். வாய் வரவில்லை. அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். ஆதியும் உட்கார்ந்தான்.  பிறகு நான் அவள் தலையில் கையை வைத்தேன். பேன் எல்லாம் போய், முடியைக் கத்தரித்திருந்தார்கள்.

"என் கையில," என்றேன்.

யாரும் தராமல்தான் சொன்னேன். சட்டப்படி அது செல்லாது. தியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து நின்று தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அது அவளுக்குச் சின்னதாக இருந்தது.

சங்குமுகத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். ஒரு கையில் ஆதி, ஒரு கையில் தியா. காரைப் பூட்டக்கூடக் கை இல்லை, இடுப்பால் கதவைச் சாத்தினேன். அலை வந்து கணுக்காலைத் தொட்டது. நான் தனியாக இரண்டு பிள்ளைகளோடு கடலில் நின்றேன். ஒரு கையைக் கடல் இழுத்தால் இன்னொரு கையை என்ன செய்வது என்று கணக்குப் போட்டேன். அதற்கு விடை கிடையாது. அப்போது தியா கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்களும் செத்துப் போவீங்களா?"

ஆதி திரும்பி என்னைப் பார்த்தான். மாட்டேன் மக்ளே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். "தெரியாது மக்ளே. இப்போ இங்கதான் நிக்கேன்," என்றேன். 

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

"அப்போ இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க," என்றாள். "கை வலிக்குது."

பார்த்தேன். அவள் விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். விடவில்லை. அடுத்த அலை வந்து போனது. ஆதி ஒரு சிப்பி எடுக்கக் குனிந்தான், அவளும் குனிந்தாள், நானும் அவர்களோடு சேர்ந்து குனிய வேண்டியிருந்தது.

அமுதாவை அறிந்தவர்களே, அவளுடைய துணிச்சல் எனக்கு வந்துவிட்டது என்று எழுதி முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை. இந்த விடுமுறை முழுவதும் நாங்கள் போனோம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தியாவை அவள் அப்பாவிடம் கொண்டுபோய் விட்ட பிறகுதான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன். இப்போது மழை தொடங்கிவிட்டது, பள்ளியும் திறந்துவிட்டது. அமுதாவுடையது என்று என்னிடம் இருப்பது சனிக்கிழமைகள்தான். வாரம் தவறாமல் எதிர் பிளாக்கில் ஏறுகிறேன். கதவைத் தட்டுவதற்கு முன்பு, இறங்கிப் போய்விடலாமா என்று படியைத் திரும்பிப் பார்க்கிறேன். தட்டுகிறேன்.